‘விளையாடுவதற்கா பணம்?’ என்று கேட்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 34 ஆண்டுகள் பணியாற்றி, தலைமையாசிரியையாக ஓய்வுபெற்றவள் நான். என் மகள்வழிப் பேரனை ஏறக்குறைய ஓராண்டாக வாரந்தோறும் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்தில் அழைத்துச் சென்று, விளையாட்டின் வழியே பிள்ளையின் மனத்துயரை ஆற்றும் விளையாட்டுச் சிகிச்சை (play therapy) பெறச் செய்தோம். விவரம் அறிந்த உறவினரும் அக்கம்பக்கத்தாரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றைத்தான் கேட்டார்கள்: “பிள்ளையை விளையாட வைப்பதற்கா ஒவ்வொரு முறையும் 800 ரூபாய் கொடுக்கிறீர்கள்?” அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதே கேள்வியோடு தயங்கி நிற்கும் பெற்றோருக்காக அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

அவனுக்கு ஆறு வயதாக இருந்தபோது அவன் தந்தை இருசக்கர வாகன விபத்தில் இறந்துபோனார். “அப்பா வெளியூர் போயிருக்கிறார்” என்று சொல்லிவிட்டோம். பிள்ளையின் மனதைக் காப்பாற்றுகிறோம் என்றே அன்று நம்பினோம். இரண்டு மாதங்களுக்குள் அவன் வகுப்பில் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளைக் கடிக்கவும் அவர்களுடைய நோட்டுகளைக் கிழிக்கவும் தொடங்கினான். என்றோ விட்டுப்போயிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கமும் திரும்பியது. பள்ளியில் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளும்படி கூறிவிட்டார்கள். ஏன் கடித்தாய், யார் உன்னை என்ன சொன்னார்கள் என்று வீட்டில் நாங்கள் கேட்காத கேள்வி இல்லை. கெஞ்சினோம், மிரட்டினோம், மந்திரித்துத் தாயத்தும் கட்டினோம். எதற்கும் பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்பான்.

எங்கள் கேள்விகளுக்கு விடை சொல்லும் சொற்கள் ஆறு வயதுப் பிள்ளையிடம் இருக்காது என்பதை, வாழ்நாள் முழுவதும் ஆறு வயதுப் பிள்ளைகளோடு இருந்த நானே உணரவில்லை. துக்கம், குற்றவுணர்வு, கைவிடப்பட்டோம் என்ற பயம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பிரித்தறிவது பெரியவர்களுக்கே கடினம். பிள்ளைக்கு அவையெல்லாம் வயிற்றுவலியாகவும் பல்லாகவும் நகமாகவும்தான் வெளிவருகின்றன. ஆனால் அதே பிள்ளை ஒரு பொம்மையைக் கையில் எடுத்துவிட்டால், சொல்ல முடியாததைச் செய்து காட்டிவிடும். 1920களின் இறுதியில் லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற மருத்துவர் தம்மிடம் வரும் பிள்ளைகளுக்கு மணல் தட்டும் சிறு பொம்மைகளும் கொடுத்தபோது, அவர்கள் அதில் அமைத்ததைத் தாங்களாகவே ‘உலகம்’ என்று அழைத்தார்கள். அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் இந்தச் சிகிச்சைக்கு எட்டு நெறிகளை வகுத்து 1947-இல் நூலாக வெளியிட்டார். பிள்ளையை அது இருக்கும் நிலையிலேயே ஏற்றுக்கொள்வது, பிள்ளை வழிகாட்டச் சிகிச்சையாளர் பின்தொடர்வது, எதையும் அவசரப்படுத்தாமல் இருப்பது, தவிர்க்க முடியாத வரம்புகளை மட்டும் விதிப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும். மணலில் கட்டிய சிற்றிலைப் பிள்ளை சிதைத்து விளையாடுவதைப் பிள்ளைத்தமிழில் ஒரு பருவமாகவே வைத்துப் பாடிய மொழி நம்முடையது. இந்தச் சிகிச்சையை நாம் அந்நியமாக நினைக்க வேண்டியதில்லை.

தஞ்சாவூரில் அவனுக்குச் சிகிச்சை நடந்தது ஒரு சிறிய அறையில்தான். ஒரு மணல் தொட்டி, சொப்புச் சாமான்கள், மரப்பாச்சி, துணிப் பொம்மைகள், களிமண், வண்ணப் பென்சில்கள், பொம்மை ஊசியும் கட்டுத்துணியும் உள்ள மருத்துவப் பெட்டி, போலீஸ் வண்டி, ஆம்புலன்ஸ், அடித்து நொறுக்க ஒரு பெரிய தலையணை ஆகியவை அங்கே இருந்தன. பேட்டரியில் தானே ஓடும் பொம்மைகளோ கைப்பேசியோ இல்லை. ஒவ்வொரு வாரமும் அதே கிழமை, அதே நேரம், முக்கால் மணி நேரம். பொம்மைகளும் அதே இடத்தில்தான் இருக்கும். வீட்டில் எல்லாம் தலைகீழாகிப் போன பிள்ளைக்கு, மாறாமல் இருக்கும் ஓர் இடமே பாதி மருந்து என்பதைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். விளையாட்டு முடிய ஐந்து நிமிடங்கள் இருக்கும்போதே சிகிச்சையாளர் அவனிடம் அதைச் சொல்லிவிடுவார். எந்தப் பிரிவும் திடீரென்று வந்துவிடக் கூடாது என்பதற்காக.

அங்கே எதையும் செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அது உண்மையில்லை. ஒரு முறை அவன் மரக்கட்டையை ஓங்கியபோது தாம் கூறியதைச் சிகிச்சையாளரே எங்களுக்கு விளக்கினார்: “உனக்கு ரொம்பக் கோபமா இருக்கு. ஆனா அடிக்கிறதுக்கு நான் இல்லை. அந்தத் தலையணையை அடிக்கலாம்.” முதலில் பிள்ளையின் உணர்ச்சியை ஏற்றுக்கொள்வது, அடுத்து வரம்பைச் சொல்வது, பிறகு மாற்றுவழி காட்டுவது என்ற இந்த வரிசைக்காகவே அவர்கள் பயிற்சி பெறுகிறார்கள். நாம் எல்லோரும் நடுவில் உள்ள ஒன்றை மட்டும், அதுவும் உரக்கச் சொல்லிப் பழகியவர்கள்.

அறைக்குள் நடப்பதைச் சிகிச்சையாளர் எங்களிடம் ஒவ்வொன்றாகச் சொல்ல மாட்டார். அது பிள்ளைக்கும் அவருக்கும் இடையே உள்ள நம்பிக்கை. மாதம் ஒரு முறை சந்திக்கும்போது பொதுவாகச் சொல்வார். அப்படித்தான், அவன் வாரக்கணக்கில் ஆம்புலன்ஸை மட்டுமே எடுத்து விளையாடுகிறான் என்பது தெரிந்தது. அதில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்து மணலில் ஓட்டுவான். ஒவ்வொரு முறையும் வழியில் வண்டி புதைந்துவிடும், மருத்துவமனைக்குப் போய்ச் சேராது. சிகிச்சையாளர் வண்டியை எடுத்துவிடவும் இல்லை, ஏன் இப்படி விளையாடுகிறாய் என்று கேட்கவும் இல்லை. “வண்டி போய்ச் சேரவே மாட்டேங்குது, உள்ளே இருக்கிறவர் காத்துக்கிட்டே இருக்கார்” என்று கண்ணால் கண்டதை மட்டும் சொல்லிக்கொண்டு பக்கத்தில் அமர்ந்திருந்தார். நாங்கள் யாரும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாத விபத்து, வீட்டுப் பெரியவர்களின் அடக்கிய பேச்சிலிருந்தே அவனுக்கு முழுதாகத் தெரிந்திருந்தது. வெளியூர்க் கதையை நம்பிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

அதன் பிறகு, அவர் சொல்லிக்கொடுத்தபடி, என் மகள் அவனை மடியில் வைத்துக்கொண்டு அப்பா இறந்துவிட்டார் என்பதை எளிய சொற்களில் உண்மையாகச் சொன்னாள். அன்று அவன் வாய்விட்டு அழுதான். தந்தை போன பின் அவன் அழுதது அதுவே முதல் முறை. 1960களில் அமெரிக்காவில் பெர்னார்ட் கர்னியும் லூயிஸ் கர்னியும் உருவாக்கிய முறையை ஒட்டி, வாரம் ஒரு நாள் அரைமணி நேரம் வீட்டில் அவனோடு விளையாடவும் என் மகளுக்குப் பயிற்சி கிடைத்தது. அந்த அரைமணி நேரத்தில் அவள் எதையும் கற்பிக்கக் கூடாது, திருத்தக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. ஆசிரியையின் மகளுக்கு அது எளிதாக இருக்கவில்லை. முன்னேற்றமும் நேர்கோட்டில் வந்துவிடவில்லை; நடுவில் ஒரு மாதம் முன்பைவிட மோசமாகக் கடித்தான். ஏழாம் மாதத்தில் கடிப்பது நின்றது. படுக்கை நனைப்பது நிற்க மேலும் சில மாதங்களாயின.

ஒரு பிள்ளையின் கதையை வைத்து முடிவுக்கு வரலாமா என்று வாசகர்கள் கேட்பது நியாயம். ப்ராட்டன், ரே உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 2005-இல் 93 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, விளையாட்டுச் சிகிச்சை பெற்ற பிள்ளைகள் பெறாதவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டதையும், பெற்றோருக்குப் பயிற்சி தந்து ஈடுபடுத்தியபோது பலன் கூடியதையும் கண்டார்கள். 2015-இல் 52 ஆய்வுகளைக் கொண்டு வெளிவந்த மற்றொரு தொகுப்பு, பலன் உண்டு, ஆனால் மிதமான அளவில் என்று கூறுகிறது. ஆகவே இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாக் குறைக்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. காது கேளாமை, ஆட்டிசம், கவனக்குறைவுக் கோளாறு (ADHD) போன்றவை இருக்கின்றனவா என்பதை முதலில் மருத்துவரிடம் பரிசோதிக்க வேண்டும். நாலு பொம்மையை வாங்கி வைத்துப் பலகை மாட்டியிருப்பவர்களிடமும் ஏமாறக் கூடாது. இத்துறையினரைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (RCI) பதிவுபெற்ற உளவியலாளரா, பிள்ளைகளோடு விளையாட்டுமுறையில் பணிபுரியப் பயிற்சி பெற்றவரா என்று தயங்காமல் கேட்கலாம்.

இதை எழுதும்போது என் வகுப்பில் பல ஆண்டுகளுக்கு முன் படித்த ஒரு மூன்றாம் வகுப்பு மாணவன் நினைவுக்கு வருகிறான். யார் தொட்டாலும் அடிப்பான். நான் அவனைப் பல நாள் வெளியே நிறுத்தி வைத்தேன். அவன் வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் தெரிந்துகொள்ள முயலவில்லை. பிள்ளைகளை உடலாலும் மனதாலும் துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இலேயே தடை செய்துவிட்டது. பிரம்பைக் கீழே வைத்த ஆசிரியரின் கையில் அதற்குப் பதிலாக எதையும் யாரும் கொடுக்கவில்லை என்பதே என் வருத்தம்.

வாரம் 800 ரூபாயும் ஒரு நாள் விடுப்பும் எங்களால் முடிந்தது. கூலி வேலைக்குச் செல்லும் தாயால் முடியாது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், 18 வயது வரை உள்ள பிள்ளைகளின் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவ மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அங்கே உளவியலாளருக்கும் இடம் உண்டு. அந்த மையங்கள் ஒவ்வொன்றிலும் விளையாட்டுச் சிகிச்சைக்கென ஓர் அறையும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களுக்கு அவர் வாரம் ஒரு நாளாவது வந்தால், கிராமத்துப் பிள்ளைகள் 40 கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டியிருக்காது. மணலுக்கும் சொப்புக்கும் பெரிய செலவில்லை. செலவு அந்த ஒருவரின் பயிற்சிக்கும் ஊதியத்துக்கும்தான். வரும் நிதியாண்டில் சுகாதாரத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் சேர்ந்து, ஒரு மாவட்டத்திலாவது இதைத் தொடங்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பேரனின் நலன் கருதி என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
கும்பகோணம்.