அந்தக் களாப்புதரை மறுபடி வளர விடுங்கள்

பூங்காப் பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். பூங்காவின் பின்வேலியோரப் புதர்களைப் போன வாரம் இயந்திரம் விட்டு வழித்துவிட்டீர்கள். முள், பாம்பு வரும் என்று காரணம் சொன்னார்கள். அங்கே நின்றவை களா, சூரை, சங்கஞ்செடி, வெண்பூலா என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. யாரும் நட்டதில்லை, பறவைகள் பழம் தின்று போட்ட எச்சத்தில் முளைத்தவை.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். வெட்டிக் குவித்த களாக்கிளைகளில் பால் வடிந்து காய்ந்திருந்தது. ஒரு கொண்டைக்குருவி அலகில் பச்சைப்புழுவோடு அந்தக் குவியலையே சுற்றிக்கொண்டிருந்தது. கிளையில் உட்காரும், உள்ளே எட்டிப் பார்க்கும், பறக்கும், திரும்ப வரும். அரைமணி நேரம் நின்றேன். புழுவை அது விழுங்கவே இல்லை. குஞ்சுக்குக் கொண்டுவந்த இரை. முள்ளை விலக்கித் தேடினேன், கூடு கிடைக்கவில்லை.

அந்த இடத்தில் நட, வேலிக்கு வைக்கும் அழகுச்செடியான டுராண்டா நாற்றுகளை இறக்கியிருக்கிறீர்கள். தயவுசெய்து நட வேண்டாம். மாதந்தோறும் சமமாகக் கத்தரிக்கும் வேலியில் பூ ஏது, பழம் ஏது? மரம் நட விழா எடுக்கிறோம், புதரை மட்டும் குப்பை என்கிறோம். தாழ்வான புதரில் கூடு கட்டும் பறவை எங்கே போகும்? அழகுக்கென்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த உண்ணிச்செடி எங்கும் பரவி நம் காடுகளை என்ன செய்தது என்று உங்கள் துறைக்கு நான் சொல்ல வேண்டுமா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: அதே இடத்தில் நம் மண்ணின் பழச்செடிகளைக் கலந்து நடுங்கள். முள்தான் பயம் என்றால் நடைபாதைப் பக்கம் வெட்சி வையுங்கள். முள் கிடையாது, பூவும் அழகு, சிவந்த பழத்துக்குப் பறவையும் வரும். களாவும் சூரையும் பின்னால், வேலியை ஒட்டி நிற்கட்டும். முதல் கோடையில் தண்ணீர் காட்டினால் போதும், அப்புறம் மழையே பார்த்துக்கொள்ளும். கத்தரிப்பதானால் காய்ப்பு முடிந்து, கூடு இல்லை என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

களா விதையைக் காயவிட்டால் முளைப்பு குறைந்துவிடும். அதனால் குவியலில் பொறுக்கிய பழங்களின் சதையைக் கழுவி, விதைகளை அன்றைக்கே 30 நாற்றுப்பைகளில் போட்டுவிட்டேன். நாற்றானதும் நானே கொண்டுவந்து தருகிறேன். அதுவரை அந்த இடத்தை அப்படியே விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
தினமும் அங்கே நடக்க வருபவர்