முப்பத்தாறாவது நட்சத்திரம்

அன்புள்ள கண்ணுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. நீ நாஷ்வில்லிலிருந்து அனுப்பிய படங்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூங்காவில் நிற்கும் ஐந்து பெண்கள் சிலை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மஞ்சள் முக்கோணக் கொடி. "இதுல என்னம்மா விசேஷம்?" என்று கேட்டிருந்தாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

அந்தச் சிலையும் கொடியும் அமெரிக்கப் பெண்கள் ஓட்டுரிமைக்குப் போராடியதன் நினைவுகள். முதலில் அந்த முக்கோணத்தைச் சொல்கிறேன். அது ஃபெல்ட் துணி. நெய்ததில்லை, கம்பளி இழையை அமுக்கி எடுத்தது. நூல் பிரியாது, ஆகவே ஓரம் மடித்து அடிக்க வேண்டியதில்லை. கத்தரித்து, "பெண்களுக்கு ஓட்டு" என்று எழுத்துப் போட்டுவிட்டால் கொடி தயார். செலவும் குறைவு. முப்பது வருஷம் தையல் டீச்சராக இருந்தவளுக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தச் சிக்கனம்தான்.

மஞ்சளுக்கு ஒரு கதை உண்டு. 1867இல் கான்சாஸ் மாநிலத்தில் பெண்களுக்கு ஓட்டு கேட்டுப் பிரசாரம் செய்தவர்கள், அந்த ஊர்ச் சூரியகாந்திப் பூவின் நிறத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஓட்டெடுப்பில் தோற்றுப்போனார்கள். நிறம் மட்டும் தங்கிவிட்டது. லண்டன்காரிகளுக்கு வேறு நிறம். 1908இல் எம்மலின் பெத்திக்-லாரன்ஸ் என்ற அம்மாள் ஊதா, வெள்ளை, பச்சை என்று தேர்ந்தெடுத்தார். ஊதா கண்ணியத்துக்கு, வெள்ளை தூய்மைக்கு, பச்சை நம்பிக்கைக்கு. இங்கிலாந்தில் போராடிச் சிறைக்குப் போன அமெரிக்கப் பெண் ஆலிஸ் பால் ஊர் திரும்பியபின் அவருடைய கட்சிக் கொடியில் ஊதாவும் வெள்ளையும் அப்படியே இருந்தன. பச்சை இருந்த இடத்தில் மஞ்சள் வந்துவிட்டது. சேலைக்கு முந்தானையை மட்டும் மாற்றியது மாதிரி!

அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு 1917 ஜனவரி 10ஆம் தேதி முதல் வெள்ளை மாளிகை வாசலில் அந்தக் கட்சிப் பெண்கள் பேசாமல் நின்றார்கள். கூட்டம் கொடிகளைப் பிடுங்கிக் கிழித்தது, போலீஸ் பிடித்துப் போனது. புதுக் கொடியோடு வேறு பெண்கள் வந்து நின்றார்கள்.

எனக்குப் பிடித்த கொடி இதற்கு அப்புறம் வருவது. 1919 ஜூனில் பெண்களுக்கு ஓட்டு தரும் சட்டத் திருத்தம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட்டிலும் நிறைவேறியது. ஆனால் 48 மாநிலங்களில் 36 ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும். ஒரு மாநிலம் ஒப்புக்கொண்டதும் ஆலிஸ் பால் அந்த மூவர்ணக் கொடியில் ஒரு நட்சத்திரம் தைப்பார். நட்சத்திரம் தைப்பது லேசு என்று நினைக்காதே. ஐந்து முனை, ஐந்து உள்மூலை. முனையில் துணி மடிந்து மடிந்து தடித்துவிடும். உள்மூலையில் கத்தரியால் ஒரு கட் கொடுக்காவிட்டால் சுருக்கம் விழும், ஒரு நூல் அதிகமாகக் கொடுத்தால் பிசிறு கிளம்பும். ஓரம் மடித்துத் தைப்பதென்றால் 36 நட்சத்திரத்துக்கு 360 மூலை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டேன்.

1920 மார்ச்சில் முப்பத்தைந்து வந்துவிட்டது. அதோடு நின்றும்விட்டது. ஆகஸ்டில் முப்பத்தாறாவதற்கான சண்டை நடந்தது நீ இப்போது குடியிருக்கும் ஊரில், டென்னசி மாநிலத்தின் தலைநகரில். ஆதரிப்பவர்கள் சட்டையில் மஞ்சள் ரோஜா, எதிர்ப்பவர்கள் சிவப்பு ரோஜா. இரண்டு தரப்பும் தங்கியது ஒரே ஹெர்மிடேஜ் ஓட்டலில். மாநிலச் சட்டசபையில் ஹாரி பர்ன் என்று ஒரு பையன், வயது 24, எல்லோரிலும் இளையவன். அவன் குத்தியிருந்தது சிவப்பு ரோஜா. தீர்மானத்தைக் கிடப்பில் போட இரண்டு தடவை ஓட்டு எடுத்தார்கள், இரண்டு தடவையும் 48க்கு 48. இரண்டிலும் அவன் கிடப்பில் போடச் சொன்னவர்கள் பக்கம்தான். அப்புறம் தீர்மானத்தின் மேலேயே ஓட்டு வந்தது. அவன் "ஆம்" என்றான்.

அவன் சட்டைப்பையில் அம்மா ஃபெப் எழுதிய ஏழு பக்கக் கடிதம் இருந்தது. வீட்டுச் சேதிகளுக்கு நடுவில், பெண்கள் ஓட்டுரிமைக்கு ஆதரவாக ஓட்டுப் போடு, நல்ல பிள்ளையாக இரு என்று எழுதியிருந்தாள். மறுநாள் அவனே, அம்மா சொல் கேட்பதுதான் பிள்ளைக்கு நல்லது என்று சபைக் குறிப்பில் பதிவு செய்தான். வாஷிங்டனில் ஆலிஸ் பால் கடைசி நட்சத்திரத்தைத் தைத்து, மாடியிலிருந்து கொடியைத் தொங்கவிட்டார்.

எல்லோருக்கும் விடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பெண்களில் பலர் நிஜமாக ஓட்டுப் போட 1965ஆம் வருஷச் சட்டம் வரவேண்டியிருந்தது. நீ படம் எடுத்த ஐந்து பேரில் ஃபிராங்கி பியர்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணும் உண்டு, கவனித்தாயா?

நம் பக்கமும் இந்த நூல் வருகிறது. ஓட்டு கேட்டுப் போராடி லண்டன் ஹாலோவே சிறையில் இருந்த மார்கரெட் கசின்ஸ் என்ற ஐரிஷ் பெண்மணிதான் 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். 1921இல் மதராஸ் மாகாணம் பெண்களுக்கு ஓட்டு கொடுத்தது, பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களிலேயே முதலில். ஆனால் சொத்து இருந்தால்தான். உன் கொள்ளுப்பாட்டியிடம் இரண்டு ஆடும் ஒரு ஆட்டுக்கல்லும்தான் இருந்தன. அவருக்கு 1952 தேர்தல்தான்.

நானும் கொடி தைத்தவள்தான், உனக்கு ஞாபகம் இருக்கும். தேர்தல் வந்தால் பீஸுக்கு இவ்வளவு என்று காலையில் ஒரு கட்சி, மத்தியானம் அதற்கு எதிர்க்கட்சி, மிஷின் ஒன்றுதான். நூல் மாற்றக்கூட சில நாள் சோம்பலாக இருக்கும். தைத்த எந்தக் கொடியின் பின்னாலும் நான் நடந்ததில்லை. ஆலிஸ் பாலைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது அந்த ஒன்றில்தான்.

நாக்ஸ்வில் உனக்குக் காரில் மூன்று மணி நேரம்தானாமே. அங்கே ஃபெப்புக்கும் ஹாரிக்கும் அம்மாவும் பிள்ளையுமாகச் சிலை வைத்திருக்கிறார்கள். லீவு கிடைத்தால் போய், கிட்ட நின்று படம் எடுத்து அனுப்பு.

பருப்புப்பொடியும் இரண்டு சட்டையும் பார்சலில் வருகின்றன. நீலச் சட்டையில் மேல் பித்தான் தளர்ந்திருந்தது, இறுக்கித் தைத்திருக்கிறேன். கிடைத்ததும் நாலு வரியாவது கையால் எழுது.

அம்மா