ஏழாம் நம்பர் மெஷினுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

இந்த மடலை 2020லேயே எழுதியிருக்க வேண்டும். அந்த வருடம் மார்ச் 31ஆம் தேதி, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார், நம்மைப் போன்றவர்களின் கம்ப்யூட்டர்களை வைத்துப் பூமிக்கு வெளியிலிருந்து வரும் ரேடியோ சத்தத்தைத் தேடிய செட்டி அட் ஹோம் திட்டத்தில், அந்தக் கம்ப்யூட்டர்களுக்குப் புது வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். ஊரடங்கு நேரம், யாருக்கும் நன்றி சொல்லும் மனநிலையில் நான் இல்லை. அப்புறம் தள்ளிப்போட்டே காலம் போய்விட்டது. போன வாரம் பரணில் கிடந்த பழைய சிபியுவை எடைக்குப் போட இறக்கினேன். அதைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

முதல் நன்றி கோவில்பட்டியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அண்ணாச்சிக்கு. 2001இல் அவர் கடையில் மாலை நேரம் உட்கார்ந்து பில் போடுவது என் வேலை. மொத்தம் ஏழு மெஷின். ஏழாவது, பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் இருந்ததால் யாரும் உட்கார மாட்டார்கள். அதில் ஒரு புரோகிராம் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"என்ன புரோகிராம்?"

"செட்டி அட் ஹோம், அண்ணாச்சி."

"எந்தச் செட்டியார் வீட்டுக்குடே?"

விளக்கிச் சொன்னேன். போர்ட்டோ ரிக்கோ தீவில், மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில், 305 மீட்டர் அகலத்துக்கு அரசிபோ என்று ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. மற்ற விஞ்ஞானிகள் தங்கள் வேலைக்காக அதை எந்தப் பக்கம் திருப்பினாலும், பெர்க்லிக்காரர்களின் கருவியும் கூடவே தொற்றிக்கொண்டு 1420 மெகாஹெர்ட்ஸைச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும். ஹைட்ரஜன் அணு இயல்பாகவே வெளியிடும் அலைவரிசை அது. பூமிக்கு வெளியே யாராவது ரேடியோ கட்டும் அளவுக்குப் புத்தியோடு இருந்தால், இந்த நம்பர் அவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்பது ஒரு கணக்கு. கேட்டதையெல்லாம் டேப்பில் ஏற்றி பெர்க்லிக்குப் பார்சலில் அனுப்புவார்கள், ஏனென்றால் அந்த மலைக்கு வேகமான இன்டர்நெட் கிடையாது. அங்கே அதை 107 வினாடிப் பொட்டலங்களாக நறுக்கி, உலகம் முழுக்கச் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பி அலசச் சொல்வார்கள். அவர்களிடம் பெரிய கம்ப்யூட்டர் வாங்கக் காசில்லை. நாசா நடத்திய தேடலுக்கான பணத்தையே 1993இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரே வெட்டாக வெட்டிவிட்டதே!

அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "போன் பில் எவ்வளவு ஏறும்?" ஒரு பொட்டலம் 340 கிலோபைட். டயல் அப்பில் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும், அப்புறம் லைனைத் துண்டித்துவிடலாம் என்றேன். சரி என்றார். அவ்வளவுதான். அந்தச் சரிக்கு இருபது வருடத்துக்கும் மேல் கழித்து நன்றி சொல்கிறேன், அண்ணாச்சி.

முழுசாக ஒரு பொட்டலம் முடிய அந்த மெஷினுக்கு ஒரு நாளுக்கு மேல் பிடித்தது. திரையில் சிவப்பு, பச்சை, ஊதா என்று வண்ணக் கம்பிகள் மலைத்தொடர் மாதிரி எழும்பும். பிரவுசிங் வந்த பையன்கள் மெயிலை விட்டுவிட்டு அதைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். உண்மையில் அந்தப் படத்தை வரைவதற்கே மெஷினின் சக்தி பாதி போய்க்கொண்டிருந்தது. திரையைக் கருப்பாக்கினால் கணக்கு சீக்கிரம் முடியும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் நான் கருப்பாக்கவில்லை. அந்த மலைத்தொடருக்காகத்தானே மனசு அதில் ஒட்டியது.

அடுத்து என் அம்மா. 2004இல் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கியதும் அது ராத்திரி பகலாக ஓடியது. கரண்டு பில் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்படி என்னத்தைத்தான் தேடுது இது?" என்று கேட்டார். நான் தேர்த் திருவிழாவைச் சொன்னேன். தேர் தெருமுனையில் திரும்பும்போது மேளச்சத்தம் லேசாகக் கேட்கும், நம் வாசலுக்கு வரும்போது உச்சத்துக்குப் போகும், தாண்டிப் போனதும் மெல்ல அடங்கும். பூமி சுற்றுகிறது, அதனால் வானத்தில் ஓரிடம் அரசிபோவின் பார்வையைக் கடக்க 12 வினாடி ஆகும். அங்கிருந்து வரும் சத்தமாக இருந்தால் அந்த 12 வினாடிக்குள் ஏறி இறங்கும். பக்கத்து ரேடாரோ டிவி ஸ்டேஷனோ அப்படி ஏறி இறங்காது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் தேடுகிறது என்றேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ராத்திரி மட்டும் போடு, பகல்ல ஃபிரிட்ஜ் ஓடுதுல்ல" என்றார். அதற்கு மேல் ஒரு அம்மாவிடம் என்ன எதிர்பார்ப்பது?

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலகத்தின் நாலு மெஷினில் சொல்லாமல் கொள்ளாமல் இதைப் போட்டு மாட்டிக்கொண்டேன். தப்பு என்மேல்தான். அந்த சிஸ்டம் அட்மின் நினைத்திருந்தால் மேலே எழுதிப் போட்டிருக்கலாம். என்னைக் கூப்பிட்டு அரைமணி நேரம் திட்டினார். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு, "ஏதாவது கிடைச்சுதாப்பா?" என்றார். நன்றி, சார்.

பெர்க்லிக்கும் சொல்ல வேண்டும். டேவிட் ஆண்டர்சன், டான் வெர்திமர், எரிக் கொர்பேலா ஆகியோரும் அவர்களோடு இருந்த சின்னக் கூட்டமும், 50 லட்சத்துக்கும் மேற்பட்ட முகம் தெரியாத ஆட்களைக் கட்டி மேய்த்தார்கள். திட்டத்தை நிறுத்தியதோடு வேலையை விட்டுவிடவில்லை. நாங்கள் அனுப்பிய சுமார் 1,200 கோடிப் பதிவுகளைச் சலித்துச் சலித்து, மறுபடி பார்க்கத் தகுந்தவை என்று 100 வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். அரசிபோ 2020 டிசம்பர் 1ஆம் தேதி இடிந்து விழுந்துவிட்டது. அதனால் சீனாவில் இருக்கும் 500 மீட்டர் ஃபாஸ்ட் தொலைநோக்கியைத் திருப்பி அந்த நூறையும் பார்க்கிறார்கள். பெரும்பாலும் நம் பூமியின் இரைச்சலாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அந்த நூறில் ஒன்றாவது ஏழாம் நம்பர் மெஷின் வழியாகப் போயிருக்குமா என்று நினைத்துப் பார்க்க எனக்கு உரிமை உண்டுதானே.

இன்னொருவர் இருக்கிறார், பேர் தெரியாது. பின்னாட்களில் ஒரே பொட்டலத்தை இரண்டு பேருக்கு அனுப்புவார்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் கணக்கில் சேரும். ஒருமுறை என் விடை வாரக்கணக்கில் பெண்டிங் என்றே நின்றது. ஜோடி யார் என்று பார்த்தால் பின்லாந்துக் கொடி. மெஷினை அணைத்துவிட்டுப் போய்விட்டாரோ என்று தினமும் எட்டிப் பார்த்தேன். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது விடை வந்தது, என்னுடையதோடு அப்படியே பொருந்தியது. குரலைக்கூடக் கேட்காத ஒரு ஆளோடு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கிட்டோஸ். உங்கள் மொழியில் நன்றிக்கு அதுதான் சொல் என்று தேடித் தெரிந்துகொண்டேன்.

கடைசியாக, பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த தம்பி. மதர்போர்டில் கெபாசிட்டர் நாலும் உப்பி, மெஷின் செத்துக் கிடந்தபோது ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாற்றிக் கொடுத்தார். "ஏலியன் வந்தா கடைக்கு ஒருதரம் கூட்டிட்டு வாங்கண்ணே, கூலியை அப்ப வாங்கிக்கிறேன்" என்று காசு வாங்க மறுத்துவிட்டார். இப்போது அந்த இடத்தில் மொபைல் கடை இருக்கிறது. அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள்: ஆள் இன்னும் வரவில்லை, ஆனால் கூலியைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். மெஷினையும் எடைக்குப் போடவில்லை.

அன்புடன்,
ஏழாம் நம்பர் மெஷின்காரன்