குறிப்பில்லாத சட்டப் புத்தகம் ஒன்று வேண்டும்: சட்ட நூல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்ட நூல் பதிப்பாளர்களுக்கும், தேர்வு வழிகாட்டிகளை எழுதித் தரும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

சட்டம் படித்தவர்கள் தொடர்ந்து வழக்காடத் தேறியாக வேண்டிய அகில இந்திய பார் தேர்வின் அறையில், வினாத்தாள் கைக்கு வருவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கண்காணிப்பாளர் அம்மா ஒருவர் என் மேசையிலிருந்த தமிழ்ப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். மூன்று பக்கம்கூடப் புரட்டியிருக்க மாட்டார். "பிரிவுக்குக் கீழ விளக்கம் போட்டிருக்கேம்மா, இதை விட முடியாது" என்று சொல்லிவிட்டு, வாசலோரம் எல்லோருடைய பைகளும் கிடந்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. குறிப்புரை எதுவும் இல்லாத வெறும் சட்டப் புத்தகத்தைத்தான் உள்ளே கொண்டுபோகலாம் என்பது விதி, அவர் விதிப்படி நடந்துகொண்டார். அந்தப் புத்தகத்தின் அட்டையில் 'தேர்வு அறைக்கு எடுத்துச் செல்லலாம்' என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டு என்னிடம் விற்றவர் உங்களில் ஒருவர். யார் என்று எழுதப் போவதில்லை. ஒருவரைச் சொல்லி மற்றவர்களைத் தப்பவிட எனக்கு மனமில்லை. என் அலமாரியில் இருக்கும் மூன்று தமிழ்ப் புத்தகங்களிலும் இதே குறைதான்.

பக்கத்து மேசைப் பையன் ஆங்கிலப் புத்தகம் வைத்திருந்தான். அதில் பிரிவுகள் மட்டும்தான் இருந்தன. அவனுடைய புத்தகம் தேர்வு முடியும்வரை அவன் கையிலேயே இருந்தது. நான் நினைவில் இருந்ததை வைத்து எழுதினேன். 42 வாங்கினேன். எனக்கு வேண்டியது 45.

தேர்வைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நூறு கேள்வியில் குற்றவியல் பக்கம் மட்டும் 26. தண்டனைச் சட்டத்துக்கு 8, நடைமுறைச் சட்டத்துக்கு 10, சாட்சியச் சட்டத்துக்கு 8. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அடிப்படை தெரிந்தவர்கள் இந்த 26-ல் இருபதை எடுத்துவிடலாம். அந்த அடிப்படையைத் தமிழில் படிக்கத்தான் உங்களை நம்பி வந்தோம். ஆகவே என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிவுகளும், சட்டத்திலேயே உள்ள எடுத்துக்காட்டுகளும் மட்டும் கொண்ட, பிழையற்ற தமிழில் அமைந்த ஒரு புத்தகம் வேண்டும். அதில் வேறு ஒரு வரிகூடச் சேர்க்க வேண்டாம்.

நான் தமிழ்வழியில் சட்டம் படித்தவள். எங்கள் குடும்பத்தில் கறுப்பு அங்கி போட்ட முதல் ஆள். காலையில் சீனியர் அலுவலகம், பிறகு நீதிமன்றம், சாயங்காலம் மறுபடி அலுவலகம். படிப்பெல்லாம் போகவும் வரவும் ஆகும் ஒன்றேகால் மணி நேரப் பேருந்தில்தான். இருக்கை கிடைத்தால் மடியில் புத்தகம். கிடைக்காத நாளில், கம்பியைப் பிடித்துக்கொண்டு பிரிவு எண்ணை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன்.

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 100, 101, 105 ஆகிய மூன்று பிரிவுகளில் எனக்கு மூன்று வாரம் போனது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இவை 299, 300, 304. எந்தச் சாவு கொலை, எது கொலையாகாத மரணம் என்று பிரிக்கும் இடம் இது. குற்றவியல் சட்டத்தின் நடுத்தூண் என்றே சொல்வேன். 100-ஆம் பிரிவில் மூன்று படி உண்டு. சாகடிக்க வேண்டும் என்ற கருத்தோடு செய்வது முதல் படி. சாவு நேரக்கூடிய காயத்தை உண்டாக்க வேண்டும் என்ற கருத்தோடு செய்வது இரண்டாவது. இதனால் சாவு நேரக்கூடும் என்று அறிந்தே செய்வது மூன்றாவது. முதல் இரண்டிலும் இருப்பது கருத்து, மூன்றாவதில் இருப்பது அறிவு. கொலையாகாத மரணத்துக்குத் தண்டனை சொல்லும் 105-ஆம் பிரிவு இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது. கருத்து இருந்தால் ஆயுள் தண்டனை, அல்லது 5 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறை. கருத்து இல்லாமல் அறிவு மட்டும் இருந்தால் 10 ஆண்டு வரை சிறை, அதற்குக் கீழ்வரம்பு கிடையாது.

இப்போது என்னிடம் இருக்கும் புத்தகங்களைப் பாருங்கள். முதல் புத்தகத்தில் இரண்டு இடத்திலும் 'எண்ணம்' என்று போட்டிருக்கிறது. 'கொல்லும் எண்ணத்துடன்' என்று ஒரு வரி, 'மரணம் நேரும் என்ற எண்ணத்துடன்' என்று அடுத்த வரி. படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகத்தானே தெரியும்? இரண்டாவது புத்தகம் கருத்து வரவேண்டிய இடத்தில் 'நோக்கம்' என்கிறது. ஒருவன் ஏன் கொன்றான், நிலத்தகராறா, பழைய பகையா என்ற காரணத்துக்கும் அதே 'நோக்கம்'தான். ஏன் செய்தான் என்பது வேறு, செய்யும்போது மனதில் என்ன இருந்தது என்பது வேறு என்று முதலாண்டு வகுப்பிலேயே ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் கோடு போட்டுக் காட்டினார். மூன்றாவது புத்தகம் கொலையாகாத மரணத்தை ஒரு பக்கத்தில் 'குற்றமுறு கொலை' என்கிறது, மறுபக்கத்தில் 'தண்டனைக்குரிய மனிதக்கொலை' என்கிறது. இரண்டும் தனித்தனிக் குற்றம் என்று நினைத்து நான் இரண்டு நாள் தனியாகக் குறிப்பெடுத்தேன்.

கடைசியில் சீனியரிடம் போய் நின்றேன். அவர் ஒரு பழைய குற்றப்பத்திரிகைக் கட்டை எடுத்து முன்னால் வைத்தார். "பிரிவை மூடி வை. யாரு, என்ன நெனச்சு, என்ன செஞ்சான், என்ன ஆச்சு. இந்த நாலையும் மொதல்ல எழுது. அப்புறமா பிரிவைத் தேடு" என்றார். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் மண்வெட்டிக் கட்டையால் ஓர் அடி, மறுநாள் ஆஸ்பத்திரியில் சாவு. நான்கு வரி எழுதி முடித்ததும் பிரிவு தானாக வந்து உட்கார்ந்தது. மூன்று வாரம் புத்தகம் சொல்லித்தராததை அரைமணி நேரத்தில் கற்றுக்கொண்டேன். எல்லோருக்கும் இப்படி ஒரு சீனியர் கிடைப்பாரா? கிடைக்காதவர்களுக்குப் புத்தகம்தானே துணை?

சேர்ந்து செய்த குற்றங்களிலும் இதே கதை. பழைய 34-ஆம் பிரிவு இப்போது 3(5). பழைய 149 இப்போது 190. முன்னதற்குப் பொதுக்கருத்து, அதாவது சேர்ந்து செய்தவர்கள் எல்லோருக்கும் பொதுவான கருத்து, வேண்டும். பின்னதற்கு ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்த சட்டவிரோதக் கூட்டமும் பொதுநோக்கமும் வேண்டும். இரண்டையும் 'பொதுநோக்கம்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டும் எங்கே பிரிகின்றன என்று மாதிரிக் கேள்வி ஒன்றையும் நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு விடை எழுத உங்கள் புத்தகமே உதவவில்லை.

மொழிபெயர்ப்பை ஆள் வைத்துச் செய்தீர்களா, கணினியில் போட்டு எடுத்தீர்களா என்ற கேள்வியையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். 324-ஆம் பிரிவு பிறர் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைவிக்கும் குற்றம். பிறர் வயலில் பயிர் அழியட்டும் என்று மாட்டை இறக்கி மேயவிடுவதைச் சட்டமே அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது. கிராமத்து ஆளுக்கு இதைவிடத் தெளிவாக எதைச் சொல்ல முடியும்? உங்கள் புத்தகத்தில் அந்தக் குற்றத்தின் பெயர் 'குறும்பு'. எடுத்துக்காட்டு என்று வரவேண்டிய இடமெல்லாம் 'விளக்கப்படம்'. படம் எதுவும் இல்லை. ஓரிடத்தில் ஆயுள் தண்டனை 'ஆயுள் வாக்கியம்' ஆகியிருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் ஒரு வழக்கறிஞர், வேண்டாம், ஒரு வழக்கறிஞரின் குமாஸ்தா ஒருமுறை படித்திருந்தால்கூட இது கண்ணில் பட்டிருக்கும். 380 ரூபாய் கொடுத்து வாங்கிய புத்தகம் இது. ஜூனியராக எனக்கு வாரத்துக்குக் கிடைக்கும் படியில் அது பெரும்பகுதி.

எண்களை மாற்றியதிலும் அவசரம் தெரிகிறது. 2024 ஜூலை 1 அன்று தண்டனைச் சட்டம், நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பதிலாக மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 511 பிரிவு இருந்த தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 358 பிரிவு கொண்ட சட்டம் வந்தது. நீங்கள் பழைய வழிகாட்டியை வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் அங்கங்கே திருத்தினீர்கள், பாதியில் விட்டுவிட்டீர்கள். கொலைக்குத் தண்டனை இப்போது 103(1). உங்கள் மாதிரித் தேர்வின் விடைப்பட்டியல் புதிய சட்டத்துக்கும் 302 என்றே சொல்கிறது. புதிய சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் கருத்தோடு பேசும் குற்றம். 304 இப்போது பறிப்பு, கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுவதற்கான பிரிவு. 307-ஐப் பார்த்ததும் கொலை முயற்சி என்று கை தானாக எழுதும், அது 109-க்குப் போய்விட்டது.

நடைமுறைச் சட்டத்தில் குழப்பம் இன்னும் மோசம். 482 என்றால் குற்ற வழக்கை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றம் போகும் பிரிவு என்று ஒரு தலைமுறை வழக்கறிஞர்கள் பழகியவர்கள். இப்போது அது 528. புதிய 482 முன்ஜாமீன். 144 என்றால் தடை உத்தரவு என்று டீக்கடையில் இருப்பவருக்கும் தெரியும். அது 163 ஆகிவிட்டது. புதிய 144 மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கான ஜீவனாம்சம். போன மாதம் ஒரு பாட்டி மகனிடம் ஜீவனாம்சம் கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மனுவில் 144 என்று பார்த்ததும் அவருடைய பேரன் பதறிப்போய், "ஊருக்குள்ள கலவரமா மேடம்?" என்று கேட்டான். அவனை உட்காரவைத்து விளக்க என்னால் முடிந்தது. தேர்வு அறையில் எனக்கு விளக்க யார் இருந்தார்கள்?

பழையதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 2024 ஜூலைக்கு முன்பு நடந்த குற்றங்களுக்கு இன்றும் பழைய தண்டனைச் சட்டம்தான். நீதிமன்றத்தில் இரண்டும் ஓடுகின்றன, எங்களுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். ஒப்பீட்டு அட்டவணை அவசியம்தான். அதைத் தனிச் சிறுநூலாகப் போடுங்கள். சட்டப் புத்தகத்துக்குள் தைத்துவைத்தால் அந்தப் புத்தகமே வாசலில் நின்றுவிடும்.

எழுத எழுத ஆத்திரம் வேறு பக்கமும் போகிறது. சட்டத்தின் பெயரையே தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் பாதிப்பேர் தடுமாறாமல் சொல்ல முடியாதபடி வைத்திருக்கிறார்கள். கீழமை நீதிமன்றத்தில் சாட்சி தமிழில் பேசுகிறார், சாட்சியம் தமிழில் பதிவாகிறது, முதல் தகவல் அறிக்கையும் தமிழில் எழுதப்படுகிறது. அதை வைத்து வாதாட வேண்டியவர் மட்டும் ஆங்கிலப் புத்தகத்தை வாங்கினால்தான் பிழைக்க முடியும் என்றால் தமிழ்வழி வகுப்பு எதற்கு? என் வகுப்புத் தோழிகள் நான்கு பேர் முதல் தேர்வுக்குப் பிறகு ஆங்கிலப் புத்தகத்துக்கு மாறிவிட்டார்கள். ஒருத்தி தொழிலையே விட்டுவிட்டு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். தேர்வில் தேறாமல் தற்காலிகப் பதிவை வைத்து இரண்டு ஆண்டுக்கு மேல் வழக்காட முடியாது. அந்த இரண்டு ஆண்டில் எங்களுக்கு ஒவ்வொரு தேர்வும் பொன்.

பெயர் வைத்தது நீங்கள் அல்ல, தேர்வு விதியை எழுதியதும் நீங்கள் அல்ல. அதற்கெல்லாம் உங்களைக் கேட்பது முறையல்ல என்பது தெரியும். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன். பிரிவுகள், எடுத்துக்காட்டுகள், இவை மட்டும் உள்ள ஒரு தமிழ்ப் புத்தகம். கருத்துக்கு ஒரு சொல், அறிவுக்கு ஒரு சொல், நோக்கத்துக்கு ஒரு சொல் என்று முதல் பக்கத்தில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ, கடைசிப் பக்கம்வரை அதையே எழுதுங்கள். எந்தச் சொல் நல்லது என்று நீங்கள் ஒருவரோடொருவர் வாதாடிக்கொள்ளலாம். ஒரே புத்தகத்துக்குள் மாற்றாதீர்கள், அது போதும். உள்ளே ஒரு வரி விளக்கம் இருந்தாலும், 'தேர்வு அறைக்கு எடுத்துச் செல்லலாம்' என்ற வரியை அட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள். விற்ற பிரதிகளுக்குப் பணம் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. பிழைதிருத்தப் பட்டியலையாவது அச்சிட்டுக் கடைகளில் இலவசமாக வையுங்கள்.

தமிழில் சட்டம் அச்சிடுவதில் லாபம் குறைவு என்பதும் தெரியும். நட்டத்தைப் பொறுத்துக்கொண்டு பல ஆண்டுகளாக இதைச் செய்பவர்கள் உங்களில் உண்டு. உங்கள் பழைய சாட்சியச் சட்ட நூலை வைத்துத்தான் நான் கல்லூரியில் தேறினேன். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

திருத்தத்துக்கு ஆள் இல்லை என்றால் நாங்கள் இருக்கிறோம். தமிழ்வழியில் படித்த ஐந்து பேர் சேர்ந்து, தண்டனைச் சட்டத்தின் முதல் 120 பிரிவுகளில் கண்ட பிழைகளைப் பக்க எண்ணோடு ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறோம். அடுத்த பதிப்பின் மெய்ப்பை அனுப்பினால் போதும். ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றம் கிடையாது, அன்றைக்கு உட்கார்ந்து பார்த்துத் தருகிறோம். அடுத்த தேர்வுக்கு அறிவிப்பு வரும் முன்பே அந்தப் புத்தகம் கடைக்கு வந்துவிட வேண்டும் என்று தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஓர் இளம் வழக்கறிஞர்