ஏற்புரையில் விட்டுப்போன நன்றிகள்

அன்புள்ள நண்பர்களுக்கும் சபையாருக்கும்,

போன மாதம் நீங்கள் நடத்திய பாராட்டு விழாவில் ஏற்புரைக்குப் பத்து நிமிடம் கொடுத்தீர்கள். நாற்பது வருடம் கோர்ட்டில் ஓயாமல் பேசியவனுக்கு அன்று தொண்டை அடைத்துக்கொண்டது. மேடையில் இருந்தவர்களுக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி என் குமாஸ்தா அண்ணாச்சிக்கு. நான் ஜூனியராக இருந்த காலத்தில் ஒரு மேல்முறையீட்டை மறந்தே போனேன். மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக 30 நாள்தான் கெடு. இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் கேஸ் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அன்று ராத்திரி முழுக்க டைப் அடித்தோம். அந்தக் கட்சிக்காரருக்கு இன்றுவரை இது தெரியாது. விழாவில் என் 'ஞாபக சக்தி'யை ஒருவர் புகழ்ந்தபோது அண்ணாச்சி பக்கம் திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து என் சீனியர். அவர் இப்போது இல்லை. 2004 ஜூலையில் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை வரும்வரை, திருநெல்வேலிக்காரர்களுக்கு ஹைகோர்ட் என்றால் சென்னைதான். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். அங்கே போனால் வாய்தா, திரும்பவும் ரயில். "கட்சிக்காரன் ரயில் டிக்கெட்டுக்கு எதை அடகு வச்சான்னு கேளு, அப்புறம் ஃபீஸ் சொல்லு" என்பார். எல்லா நேரமும் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

இலவச சட்ட உதவி வழக்குகளைப் பற்றி நிறையப் பேர் பெருமையாகப் பேசினீர்கள். உண்மையில் அது 1987-ஆம் வருடச் சட்டம் கொடுத்த உரிமை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். அந்த மக்களை ஆபீஸ் வரை கூட்டிவந்த பெண்கள் சங்கத்து அக்காமார்களுக்குத்தான் நன்றி போய்ச் சேர வேண்டும். "காசு வாங்காத வக்கீல் ஒழுங்கா வாதாடுவாரா?" என்று என் முன்னாலேயே ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அவருடைய விபத்து வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் ஒரே நாளில் முடிந்தது. அங்கே இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு தீர்ப்பானால் மேல்முறையீடு கிடையாது.

இனி ஆலயத்து விஷயம். இதை மேடையில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சேகரச் செயலராக (சேகரம் என்றால் ஒரு குருவானவரின் கீழ் வரும் சபைகள்) இருந்து சமாதானம் செய்துவைத்தவன் என்று பொன்னாடை போர்த்தினீர்கள். அதற்குப் பல வருடம் முன்னால், வேறொரு சபையின் தேர்தல் தகராறில் ஒரு தரப்புக்கு வழக்குப் போட்டுக் கொடுத்தவனும் நான்தான். அது ஒன்பது வருடம் இழுத்தது. வாதியும் போய்ச் சேர்ந்தார், பிரதிவாதியும் போய்ச் சேர்ந்தார். காணிக்கைப் பணம் ஃபீஸாகப் போனதில் ஒரு பங்கு என் பைக்கும் வந்தது.

நம் சபையில் அதே மாதிரித் தகராறு வந்தபோதும் நான் ராத்திரியோடு ராத்திரியாகத் தடையாணைக்கு மனு எழுதி முடித்துவிட்டேன். கதவைப் பூட்ட வந்த கோயில்பிள்ளை, அதாவது ஆலயப் பணியாளர், பக்கத்தில் நின்று பார்த்தார். "ஐயா, தடை வந்துட்டா ஞாயித்துக்கிழமை நான் மணி அடிக்கலாமா, கூடாதா?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. மனுவை மடித்துப் பையில் வைத்தேன். மறுநாள் இரண்டு தரப்பையும் ஆலயத்தின் பின்னறையில் உட்கார வைத்தோம். பதினோரு கூட்டம் நடந்தது. நடுவில் இரண்டு தடவை நாற்காலி பறந்தது. கடைசியில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பொன்னாடையை விழா முடிந்த மறுநாளே கோயில்பிள்ளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். வாங்க மாட்டேன் என்றார். அவர் வீட்டம்மா வாங்கி வைத்துக்கொண்டார்.

என் மனைவியைப் பற்றி எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி, கமிட்டி முடிந்து கட்சிக்காரர் என்று நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு நாலு மணிக்கு வந்த நாட்களை அவர் எண்ணி வைத்திருக்கிறார். அந்தக் கணக்கு மட்டும் இன்னும் பைசல் ஆகவில்லை.

சட்டப் புத்தகங்களை ஜூனியர்களுக்குக் கொடுத்துவிட்டேன். கருப்புக் கோட்டு அலமாரியில் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் இருப்பேன். கேட்க வேண்டியது எதுவானாலும் வாருங்கள். நிலத் தகராறு என்றால் பட்டாவும் பத்திரமும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரிஜினலைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், மரத்தில் காக்கா நிறைய.

நன்றியுடன்,
உங்கள் பழைய வக்கீல்