கோவாவிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்குக் கிடைத்தது. ஆடிக் காற்றில் வாசல் முருங்கை முறிந்து விழுந்ததாக எழுதியிருந்தாய். அந்த மரத்துக் காயைத்தான் போன தடவை தங்கச்சி பை நிறையக் கட்டிக் கொடுத்தது. அவளுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? இங்கே மழை விட்டபாடில்லை. துவைத்த துணி காய மூன்று நாள் ஆகிறது. பேத்தி பள்ளிக்கூடம் போய்த் திரும்புவதற்குள் இரண்டு தடவை நனைந்துவிடுகிறாள்.

உன் பேரனுக்குக் கல்லூரிப் பட்டிமன்றத்தில் கொடுத்திருக்கும் தலைப்பு, சின்ன மாநிலத்தை ஆண்டவருக்கு நாட்டை ஆளும் தகுதி உண்டா என்பது. "நீதான் இருபத்தைந்து வருஷமாக கோவாவில் கிடக்கிறாய், நீயே சொல்லு" என்று எழுதிவிட்டாய். படித்ததும் 2014 நவம்பர் ஞாபகம் வந்தது. கோவா முதலமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர் நாட்டின் பாதுகாப்பு அமைச்சரான அன்று ராத்திரி நீ போன் போட்டுக் கொதித்தாய். "நாற்பது எம்எல்ஏ இருக்கிற ஊர்க்காரருக்கு ராணுவத்தைப் பற்றி என்னடா தெரியும்?" என்றாய். பதினேழு வருஷம் யூனிபார்ம் போட்டவன் கேட்கிற கேள்வி. அன்று எனக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன்.

பேரனிடம் முதலில் அளவைச் சொல்லு. கோவாவின் பரப்பு 3,702 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 14 லட்சத்து 58 ஆயிரம். இரண்டிலுமே நம்ம தூத்துக்குடி மாவட்டத்தைவிடச் சின்னது. ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியாக முப்பதாயிரம் வாக்காளர்கூட இல்லை. தமிழ்நாட்டில் அது ஏறக்குறைய இரண்டரை லட்சம். இங்கே எம்எல்ஏவுக்குத் தன் தொகுதியில் யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு என்று தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் அடுத்த தேர்தலில் அவருக்கு இடமில்லை.

இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதே. 2012 செப்டம்பரில் நான் சுரங்கப் பகுதியில் ஒரு வங்கிக் கிளைக்கு மேலாளர். சட்டவிரோதச் சுரங்கங்களை விசாரித்த நீதிபதி ஷா ஆணையத்தின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சில நாளிலேயே பாரிக்கர் இரும்புத் தாது வெட்டுவதை நிறுத்தி உத்தரவு போட்டார். அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் தடை விதித்தது. 2014 ஏப்ரல் வரை அந்தத் தடை நீங்கவில்லை. மாண்டவி ஆற்றில் தாது ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகும் பார்ஜுகள் என்ற சரக்குப் படகுகள் அப்படியே கரையோரம் நின்று துருப்பிடித்தன. எங்கள் கிளையில் லாரிக் கடன் வாங்கியவர்கள் பாஸ்புக்கைக் கையில் சுருட்டிக்கொண்டு என் மேசை முன்னால் வந்து நிற்பார்கள். பணம் கட்ட வழியில்லை என்று வாய் திறந்து சொல்லக்கூட மாட்டார்கள், சும்மா நிற்பார்கள். அதே ஆட்கள் மறுநாள் பஸ் ஏறித் தலைநகர் பனாஜிக்குப் போய் முதலமைச்சர் முன்னாலும் நின்றார்கள். தான் போட்ட கையெழுத்து யார் சோற்றில் விழுந்தது என்பதை அவர் முகத்துக்கு நேராகப் பார்த்தாக வேண்டியிருந்தது. பெரிய மாநிலத்தை ஆள்பவருக்கு அது மாவட்ட அறிக்கையில் ஒரு வரியாகத்தான் போய்ச் சேரும். இந்தப் பாடத்தை டெல்லியில் உட்கார்ந்து எவரும் படித்துவிட முடியாது. அதனால் "தகுதி உண்டு" என்ற பக்கம்தான் என் மனசு முதலில் சாய்கிறது.

ஆனால் சின்ன இடம் ஒரு கெட்ட பழக்கத்தையும் ஊட்டிவிடும். எனக்கே நடந்தது அது. கிளையிலிருந்து என்னை மண்டல அலுவலகத்துக்கு மாற்றினார்கள் இல்லையா? கிளையில் ஒவ்வொரு கடன்காரர் முகமும் தெரியும், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் நானே படிப்பேன். அங்கே போயும் அறுபது கிளைகளின் கோப்பையும் நானே படிக்கப் பார்த்தேன். ஆறு மாதத்தில் கோப்பு மலையாகக் குவிந்தது. என்னால் தாமதமான ஒரு பயிர்க்கடன் இன்னும் என் மனசை அறுக்கிறது. முகம் தெரியாதவரை நம்பி வேலையைப் பிரித்துக் கொடுப்பது தனி வித்தை. சின்ன இடத்தில் அதற்குத் தேவையே வராது.

பாரிக்கரும் முதலமைச்சராக இருந்தபோது நிதி, உள்துறை, கல்வி என்று முக்கியமான துறைகளையெல்லாம் தன் கையிலேயே வைத்திருந்தவர். ஐஐடியில் உலோகவியல் படித்த மனிதர், கோப்பைப் புரட்டினால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார் என்பார்கள். இந்த ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு விஷயம் தெரியுமா? நம்ம முப்படைகளிலும் பணியில் இருப்பவர்கள் சுமார் 14 லட்சம் பேர். கோவாவின் மக்கள் தொகையும் கிட்டத்தட்ட அதேதான். தலைக்கணக்குப் பார்த்தால் அவர் ஒரு கோவாவிலிருந்து இன்னொரு கோவாவுக்குப் போனார். ஆனால் அந்த இரண்டாவது கோவாவில் யாரும் பஸ் ஏறி வந்து அவர் வீட்டு வாசலில் நிற்க முடியாது. உன்னை மாதிரி ஓய்வு பெற்ற ராணுவத்தினர் ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் கேட்டு 2015 ஜூன் நடுவில் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். செப்டம்பர் 5ஆம் தேதி அவர் அறிவிக்கும்வரை எண்பது நாளுக்கு மேல் ஆனது. நிதியமைச்சகம், பிரதமர் அலுவலகம், முப்படைகள் என்று எத்தனை கதவு! பல வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்த விவகாரத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அறிவித்ததில் குறை இருந்தது என்று நீ அன்றும் சொன்னாய், இன்றும் சொல்வாய். அதை நான் மறுக்கவில்லை. அரியர்ஸ் வந்த அன்று தங்கச்சி போனில் பேசியதையும் மறக்கவில்லை.

அவர் சறுக்கிய இடத்தையும் பேரன் சொல்லத்தான் வேண்டும். 2016 நவம்பரில், அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று நம்மை நாமே ஏன் கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு விழாவில் பேசிவிட்டார். அது அவருடைய சொந்தக் கருத்து என்று அமைச்சகம் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. பனாஜியில் மனசில் பட்டதைக் கொங்கணியில் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். டெல்லியில் பாதுகாப்பு அமைச்சர் வாயிலிருந்து வரும் சொல்லை இஸ்லாமாபாத்தும் பெய்ஜிங்கும் எடுத்து எடைபோடும்.

எனக்கு உண்மையில் ஆற்றாமை எங்கே என்றால், சின்ன மாநிலத்துக்காரர்களின் தகுதியை யாருமே சோதித்துப் பார்ப்பதில்லை. முதலமைச்சராக இருந்து பிரதமரானவர்களை எண்ணிப் பார். மொரார்ஜி தேசாய், சரண் சிங், வி.பி. சிங், நரசிம்ம ராவ், தேவ கவுடா, மோடி. பம்பாய், உத்தரப் பிரதேசம், ஆந்திரா, கர்நாடகா, குஜராத். எல்லாம் எம்பிக்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்பும் இடங்கள். தேவ கவுடா முதலமைச்சராக இருந்ததே ஒன்றரை வருஷம்தான். கோவாவுக்கு மக்களவையில் இரண்டு சீட்டு. மேகாலயாவுக்கும் இரண்டுதான். அங்கே முதலமைச்சராக இருந்த பி.ஏ. சங்மா 1996இல் மக்களவைச் சபாநாயகராகி அந்த அமளியான அவையை எப்படிக் கட்டி மேய்த்தார் என்று நாம் டிவியில் பார்த்தோமே! ஆனால் அவர் 1977லேயே எம்பியாகி டெல்லியில் பழகியவர். வெறும் ஷில்லாங் அனுபவத்தை வைத்து அவரை அங்கே யாரும் உட்கார வைக்கவில்லை.

2017இல் நடந்தது அதைவிட வேதனை. கோவாவில் பாஜகவுக்கு 40இல் 13 இடம். பாரிக்கர் முதலமைச்சராக வந்தால்தான் ஆதரவு என்று கூட்டணிக் கட்சிகள் சொன்னதும், நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் ராஜினாமா செய்துவிட்டு இங்கே திரும்பினார். அந்தத் துறையை அருண் ஜெட்லி நிதித்துறையோடு சேர்த்துக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்தார். ஒரு மனிதர் இரண்டு வருஷத்துக்கு மேல் கற்றுக்கொண்டதை ஒரு சின்ன சட்டசபையின் எண்ணிக்கைக்காகத் தூக்கிப் போட்டார்கள். எந்தக் கட்சி செய்திருந்தாலும் எனக்கு இதே கோபம்தான் வந்திருக்கும்.

அதனால் பேரனிடம் என் முடிவைச் சொல்லிவிடு. தகுதி உண்டு, ஆனால் நேராக நாற்காலியில் உட்கார வைக்காமல் நாலைந்து வருஷம் மத்திய அமைச்சராக வைத்துப் பழக்க வேண்டும், பழகும்போது பாதியில் திருப்பி இழுக்கக் கூடாது. நடுவர் ஒத்துக்கொள்வாரோ என்னவோ, நான் இதை நம்பித்தான் எழுதுகிறேன்.

2019 ஜனவரியில் மாண்டவியின் மேல் மூன்றாவது பாலம் திறந்தபோது பாரிக்கர் மூக்கில் குழாயோடு மேடைக்கு வந்தார். கணையப் புற்றுநோய். கை கால் மெலிந்து போயிருந்தது, குரல் மட்டும் எழும்பியது. மார்ச் 17ஆம் தேதி போய்விட்டார். எங்கள் வீடு அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் இருக்கிறது.

மழை விட்டதும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டு வா. திருநெல்வேலியில் தாதர் ரயில் ஏறினால் மட்காவில் இறங்கலாம். ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுவேன். வரும்போது கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இரண்டு கிலோ, பேத்தி இப்போதே சொல்லிவிட்டாள்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்