காய்ச்சலே இல்லாத பிள்ளைக்கு எதற்கு மருந்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்காவில் குழந்தைகளுக்கான மலேரியா தடுப்பு மாத்திரையைச் சில பெற்றோர் மறுப்பது பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்தது. அதில் 'மூடநம்பிக்கை' என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. அது மனதை உறுத்தியதால் எழுதுகிறேன். நான் ராமநாதபுரம் கடலோரக் கிராமங்களில் சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். போன மழைக்காலத்தில் நைஜீரியாவின் கானோ நகரில் மகன் வீட்டில் தங்கியிருந்தேன்.

அங்கே மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை வீடு வீடாக வந்து, மூன்று மாதம் முடிந்த குழந்தை முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வரை மாத்திரை கொடுக்கிறார்கள். முதல் நாள் இரண்டு மருந்து. அடுத்த இரண்டு நாளும் அவற்றில் மஞ்சள் மாத்திரையை மட்டும் தாயே தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். முறையாகக் கொடுத்தால் நான்கில் மூன்று பங்கு மலேரியாவைத் தடுக்கலாம் என்று ஆய்வுகளில் தெரிந்து, 2012-லேயே உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்துவிட்டது.

மகன் வீட்டுக் காவலாளியின் குடும்பம் அதே வளாகத்தில் இருந்தது. மாத்திரையோடு இரண்டு பெண்கள் வந்த அன்று நானும் உடனிருந்தேன். அவர்கள் பேசியதைக் காவலாளியின் பள்ளியில் படிக்கும் மூத்த மகள் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தத் தாய் கேட்டது இதுதான்: "பிள்ளைக்குக் காய்ச்சலே இல்லையே, எதற்கு மருந்து? காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு ஓடினால் காசு கேட்கிறார்கள். நன்றாக இருக்கும்போது மட்டும் ஏன் சும்மா கொடுக்கிறார்கள்?"

இதில் மூடநம்பிக்கை எங்கே? 1996-இல் அதே கானோவில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, வெளிநாட்டு மருந்து நிறுவனம் ஒன்று புது மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்தது. பெற்றோரிடம் முறையாகச் சம்மதம் வாங்கவில்லை என்று வழக்கு நடந்தது. இப்படிப்பட்ட சந்தேகத்தால் 2003-இல் போலியோ சொட்டு மருந்தையே கானோ மாநிலம் நிறுத்தி வைத்தது. ஏன், 2017-இல் நம் ஊரில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது வாட்ஸப்பில் வந்ததை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத படித்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

வந்த பெண்கள் வாதாடவில்லை. மூத்தவர் பாயில் உட்கார்ந்து, தன் பேரனுக்கும் இதையே கொடுத்ததாகச் சொன்னார். வாந்தி வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. எட்டு மாதக் குழந்தை குடித்த கொஞ்ச நேரத்தில் கக்கிவிட்டது. பொறுமையாக இன்னொரு மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் அங்கேயே இருந்தார்கள். அந்த அரை மணியில்தான் தாயின் முகம் தெளிந்தது.

மூன்றாம் நாள் காலை பார்த்தால் அட்டையில் கடைசி மாத்திரை அப்படியே இருக்கிறது. அவர்களின் ஏழு வயதுப் பையனுக்கு இந்த மாத்திரை கிடையாது. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் ஆகுமே என்று தாய் எடுத்து வைத்திருந்தாள். எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. மலேரியாவுக்குப் பதினான்கு நாள் பிரைமாகுயின் மாத்திரை கொடுத்தால், காய்ச்சல் விட்டதும் மீதியை டப்பாவில் போட்டு வைப்பார்கள். மகளை வைத்து எடுத்துச் சொன்னேன். என் எதிரிலேயே கரைத்துக் கொடுத்தாள்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, மறுத்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதையும், பாயில் உட்கார்ந்து பதில் சொன்ன பெண்களையும் பற்றி எழுதுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ராமநாதபுரம்